பின் டயருக்கு வைத்த எலுமிச்சம்பழம்

என் வீட்டுக்காரருக்குப் புத்தி கெட்டுப்போனது சின்னசேலம் டீக்கடை வாசலில்தான். அங்கே நின்ற எவனோ ஒருவனுடைய பிக்கப் வண்டி முன்பக்கம் தாழ்ந்து, பாய்கிற மாட்டைப் போல இருந்ததாம். அன்றிலிருந்து எங்கள் வண்டி அவருக்குப் பிடிக்கவில்லை.

"காலியா நின்னாக்கூட மூக்க தூக்கிகினு நிக்குது. பாக்கவே சகிக்கல" என்றார்.

"மலைப் பாதையில வளைவுக்கு வளைவு பள்ளம். முன்னாடி இடிக்காதா?"

"ஒரே ஒரு பட்டைதான்டி. ஸ்பிரிங் கட்டுல ஒண்ண உருவிட்டா போதும். நானே வூட்ல பண்ணிடுவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு நடைக்கும் நானும் போவேன். சும்மா உட்கார்ந்து வர அல்ல, கல் போட. எங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். மேட்டில் நிறுத்தியதும் நான் குதித்து இறங்கி, பின் டயருக்குக் கீழே கல்லைத் திணிக்க வேண்டும். அந்தக் கருங்கல் எப்போதும் என் காலடியில்தான் கிடக்கும். ஹேண்ட் பிரேக்கைச் சரி பண்ணுங்க என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதற்கு நேரமில்லாத மனுஷருக்கு மூக்கை இறக்க மட்டும் நேரம் இருந்தது!

அமாவாசையன்று வாசலில் வேலையை ஆரம்பித்தார். எங்கள் வாசல் தெருவைப் பார்த்துச் சரிவு. நான் கல்லை எடுத்துப் பின் டயருக்கு அண்டக் கொடுத்தேன். வண்டியைத் தாங்க டயர் கடையிலிருந்து இரும்பு ஸ்டாண்டு ரெண்டு இரவல் வாங்கி வந்திருந்தார். "ஜாக்கிய நம்பி அடியில போகாதீங்க. ஸ்டாண்டு வெச்சப்புறம் போங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தால் ஒரு முன் சக்கரம் கழற்றிக் கிடக்கிறது. வண்டி ஜாக்கியில் நிற்கிறது. ஸ்டாண்டு ரெண்டும் சுவரில் சாய்ந்திருக்கின்றன. இவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன.

பின் டயரைப் பார்த்தேன். கல் இல்லை. கல் இருந்த இடத்தில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம்.

எந்த வேலை ஆரம்பித்தாலும் டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பது எங்கள் வழக்கம்தான். வண்டி நசுக்கிக்கொண்டு போனால் திருஷ்டி போகும். முன் சக்கரத்தைக் கழற்றப் போகிறோமே என்று அதைப் பின் டயருக்கு வைத்திருக்கிறார் மகராசன். கல் இடைஞ்சலாக இருந்ததாம், எடுத்துத் தள்ளி வைத்துவிட்டார்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழம் பச்சென்று வெடித்துச் சாறு ஓடியது. வண்டி நகர்கிறது. ஜாக்கி சாய்கிறது.

"யோவ்! வெளிய வாய்யா!"

கல்லைத் தூக்கி எப்படித் திணித்தேன் என்று எனக்கே தெரியாது. திணித்த வேகத்தில் ஓடி, அவர் ரெண்டு காலையும் பிடித்து இழுத்தேன். லுங்கி கிழிந்தது. தலை வெளியே வந்ததும் ஜாக்கி படுத்துவிட்டது. அச்சு மண்ணில் இறங்கியது. அவர் நெஞ்சு இருந்த இடத்தில்.

தெருவே வந்து நின்றது. அவர் மண்ணைத் தட்டிக்கொண்டே, "இன்னா இப்போ? ஒண்ணும் ஆவலையே" என்றார். பாருங்கள் அந்தத் திமிரை!

"ஒண்ணும் ஆவலையா? புள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து வந்து அப்பா எங்கன்னு கேட்டா, மூக்க இறக்கப் போனாருன்னு சொல்லணுமா நானு?"

"அமாவாசையாச்சேன்னு வெச்சேன். அதுக்குப் போயி ஏன்டி அழுவற?"

"யாரு அழுதா? கோவத்துல தண்ணி வருது. மேட்டுல இந்த வண்டிய நிறுத்தினது எலுமிச்சம்பழமாய்யா? அது நான் கல்லு போடற எடம். என் எடம்யா அது!"

அவர் போய்ச் சுவரில் சாய்ந்திருந்த ஸ்டாண்டுகளைத் தூக்கி வந்தார்.

வேலையைப் பாதியில் விட முடியாதே. இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். நாலு பேர் பிடிக்க வண்டியைத் தூக்கினார். ரெண்டு ஸ்டாண்டையும் சேசிஸுக்குக் கீழே வைத்து, வண்டியைத் தோளால் ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்றான பிறகுதான் அடியில் விட்டேன். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டையை உருவினார். சக்கரம் மாட்டி, வண்டி தரையில் உட்கார்ந்ததும் பட்டைக் கட்டை அச்சோடு பிடிக்கிற யூ போல்ட்டை இன்னொரு முறை முறுக்கினார். மூக்கு இறங்கியிருந்தது. எனக்கொன்றும் அழகாகத் தெரியவில்லை.

ஓட்டிப் பார்க்க ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி என்னைப் பார்த்தார்.

"கல்ல எடுக்கறியா?"

"இருய்யா" என்றேன். கல்லை எடுத்து என் காலடியில் போட்டுக்கொண்டு நான் ஏறி உட்காரும்வரை அவர் காத்திருந்தார்.