ஒன்பதாவது சிப்பு

கடையில் கம்ப்யூட்டர் மெமரித் துண்டை வாங்கிய கையோடு சந்தியாகு வாசலுக்கு வந்துவிடுவார். டியூப்லைட் வெளிச்சத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. வெயிலில் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பச்சைத் தகட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கறுப்புச் சிப்புகளை நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். எட்டு இருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒன்பது இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அப்போதும் முகம் மலர்ந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

"மீன் வாங்குறவன் செவுளத் தூக்கிப் பாக்குற மாதிரி பாக்குறீங்கண்ணே," என்பான் உடையப்பன். சிரம்பானை ஒட்டிய ராசாவில் தாத்தா நடத்திய வட்டிக்கடையை மூடிவிட்டு அதே இடத்தில் கம்ப்யூட்டர் கடை போட்டிருப்பவன்.

"கெட்டுப் போன மீனு நாத்தம் அடிக்கும் தம்பி. இது அடிக்காது லா," என்பார் சந்தியாகு.

அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் மெமரிச் சிப்புகளைச் சோதிக்கும் வேலை. தேறியது ஒரு தட்டில், தேறாதது ஒரு தட்டில். தேறிய தட்டில் விழுந்ததை மறுபடி எடுத்துப் பார்ப்பது அங்கே பெரிய குற்றம். சூப்பர்வைசர் வந்து காதில் போட்டுக்கொள்ள முடியாத வார்த்தைகளைச் சொல்வான். அந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. மனைவி அந்தோனியம்மாள் உள்ளங்கையில் ஊற்றும் குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு "பாஸ்" என்பார். "உப்பு போதுமான்னு கேட்டா பாஸாம் பாஸு," என்று அவள் கரண்டியை ஓங்குவாள். அவள் போனபிறகு அந்த வார்த்தையை அவர் வாயில் யாரும் கேட்டதில்லை.

தொண்ணூற்றேழில் அவருக்கு வேண்டியிருந்தது ஒரு மதர்போர்டு. சின்னதாக இருக்க வேண்டும். எவ்வளவு சின்னது என்று கேட்டால் வாயால் சொல்ல மாட்டார், கையிடுக்கில் வைத்திருக்கும் பெரிய சதுர பிஸ்கட் டின்னைக் கவுண்டர் மேல் வைப்பார். அதற்குள் அடங்க வேண்டும். பஸ்ஸில் அந்த டின்னோடு வந்து, கடையில் இருக்கும் போர்டு ஒவ்வொன்றையும் உள்ளே இறக்கிப் பார்ப்பார். பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டவர்களும் உண்டு.

அடங்கினால் மட்டும் போதாது. மெமரியில் எட்டு சிப்பு சுமக்கும், ஒன்பதாவது சிப்பு சரிபார்க்கும். எங்கோ ஒரு புள்ளி தன்னால் மாறிப்போனால் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு அந்த ஒன்பதாவது சொல்வதைக் கேட்கத் தெரிந்த போர்டாக இருக்க வேண்டும். கேட்கத் தெரிந்ததெல்லாம் டின்னுக்குள் நுழையாத அகலம். நுழைந்ததெல்லாம் எதையும் கேட்காத ஜாதி. உடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

டின் எதற்கு என்றால், ரப்பர் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் ஒழுகாத இடம் இருதய ஆண்டவர் படம் இருக்கும் தட்டு ஒன்றுதான். அந்தத் தட்டின் அகலம் அந்த டின். எலிக்கும் கரையானுக்கும் தகரம்தான் சரி. தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றாகிவிட்டது. வருஷம் முடிவதற்குள் எல்லோரும் காலி செய்தாக வேண்டும். சிலர் அம்பாங்கான் பக்கம் மலிவு வீட்டுக்கு, சிலர் கிள்ளானுக்கு, சிலர் ஜொகூருக்கு. எங்கே போனாலும் அங்கிருந்து ஒரு கம்ப்யூட்டர் வழியாக போன் போட்டால், இந்த டின்னே போனை எடுத்து, அவரவர் வீட்டுப் படங்களைக் கொடுக்கும். எந்நேரமும் அணையாமல் ஓட வேண்டும். லயத்தில் போன் இருந்த ஒரே வீடு அவருடையது; அவர் காலி செய்து போகும் இடத்துக்கும் போனும் டின்னும் கூடவே போகும்.

இந்த யோசனை அவர் தலையில் உதித்ததல்ல. அந்தோனியம்மாள் சாவில் தொடங்கியது.

பெட்ரிசியா அவர்களுடைய ஒரே மகள். தேவாலயத்தில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய அன்று வெள்ளை கவுனும் தலையில் பூமுடியுமாக சிரம்பான் ஸ்டூடியோவில் எடுத்த படம்தான் அவளுக்கு இருந்த ஒரே படம். அதே வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். பல வருஷம் கழித்து அந்தோனியம்மாள் சாகக் கிடந்தபோது புருஷனிடம் கேட்டது ஒன்றுதான். "எம் புள்ளய எங்கூட அனுப்பிருங்க." மனைவி கேட்டதை மறுக்க முடியவில்லை, மகள் முகத்தை மண்ணுக்குக் கொடுக்கவும் மனசு வரவில்லை. உடையப்பன் கடையில் படத்தை ஸ்கேன் செய்து தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். திரையில் படம் பளிச்சென்று இருந்தது. ஜெபமாலை சுற்றிய மனைவியின் விரல்களுக்குள் அசலைச் செருகினார். லயமே நின்று பார்த்தது.

பிறகு பழைய டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியது. புது டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் மாற்றினார். ஃபைலின் பெயர் சரி, அளவு சரி. மனசுக்குள் பாஸ் போட்டுவிட்டு, பழையதைத் துடைத்துத் தூக்கிப் போட்டார். படத்தைத் திறந்து பார்க்கவில்லை. அத்தனை வருஷம் தேறிய தட்டைத் திரும்பப் பார்க்காத கை அது. கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, மகளைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தார். பூமுடி இருந்தது. நெற்றி இருந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

உடையப்பன் கடையில் ஸ்கேன் செய்ததை அன்றைக்கே அழித்துவிடுவார்கள். வேறு பிரதி இல்லை. மெமரியை அவரே சோதித்தார். ஒரே ஒரு இடம், நினைத்தால் தப்பு செய்தது, நினைத்தால் ஒழுங்காக இருந்தது; பிரதி எடுக்கையில் படம் அந்த வழியாகத்தான் போயிருந்தது. தன் தொழிற்சாலைச் சிப்போ என்று புரட்டிப் பார்த்தார். இல்லை. அதில் ஆறுதல் என்ன இருக்கிறது. யாரிடமும் அவர் சொல்லவில்லை.

சொல்லாததால் வந்தது வினை. லயத்துப் பெண்களுக்கு அந்தோனியம்மாள் பெரிய பாக்கியசாலி. "பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டா, இங்கயும் பத்திரமா இருக்கா," என்று பேசிப் பேசி, தாங்களும் அப்படியே போக வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். முதலில் வந்தவள் தாயம்மா. பால் மரம் வெட்டி ஓய்ந்தவள், ரெண்டு அடி நடந்தால் மூச்சு வாங்கும். கையில் அவள் புருஷன் நல்லசாமியின் படம். இரவல் கோட்டு, முறைத்த பார்வை, ஓரத்தில் பூஞ்சை.

"அண்ணே, இத ஏத்தி வைங்க. நான் போறப்ப இதோட போறேன்."

"இப்ப முடியாது தாயம்மா. நல்ல போர்டு இன்னும் கெடைக்கல."

"அந்தோனியம்மாவுக்கு மட்டும் எப்படிக் கெடைச்சிச்சாம்?"

அவர் படத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மனுஷன் அநியாயத்துக்குப் பிகு பண்ணுகிறார் என்று லயத்தில் பேச்சு. வருகிற படங்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். திரும்பிப் போகும் ஒவ்வொரு படமும் கூரை ஒழுகும் வீட்டுக்குத்தான் போகிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

கடைசியில் உடையப்பன் கோலாலம்பூரில் எங்கோ தேடி ஒரு போர்டு பிடித்தான். டின்னுக்குள் இறங்கியது, ஒன்பதாவது சொல்வதையும் கேட்கும். கூடவே ஒன்பது சிப்பு மெமரி. வீட்டில் மாட்டி, திருத்தும் வேலையை முடுக்கிவிட்டதும் போர்டு ஓடமாட்டேன் என்று நின்றுவிட்டது. லென்ஸை வைத்துப் பார்த்தார். ஒன்பதாவது இருந்தது, ஆனால் போலி. எது வந்தாலும் சரி, சரி என்று தலையாட்டும் சிப்பு. அசல் ஆமாஞ்சாமி.

"எல்லாவனும் இதத்தான் கொண்டாந்து குடுக்குறான்ணே," என்றான் உடையப்பன், முகம் சுண்டிப்போய். "நானும் எண்ணித்தான் வாங்குனேன்."

"நானும் எண்ணித்தான தம்பி வாங்குனேன்," என்றார் சந்தியாகு. அவன் நல்லதாக வேறு தேடிக் கொடுத்தான். இந்த முறை ஓடியது.

ஓடிய பிறகும் அவர் விடவில்லை. உபயோகமற்ற கோப்புகளை மாற்றி மாற்றிப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். அடுப்பில் சோறு தீய்ந்தது. பிறகுதான் தாயம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

நல்லசாமி திரையில் வந்ததும் தாயம்மா திரைக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். "மொறைக்கிறதப் பாரு. உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான்." முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டாள். "அப்படியே பெட்ரிசியாவையும் காட்டுங்கண்ணே. பாத்து எத்தினி வருசமாச்சு."

சந்தியாகுவின் கை கீபோர்டு வரை போய் நின்றது. "அது வேற எடத்துல இருக்கு. தேடணும்."

"தேடி வைங்க. மேல போனா அந்தோனியம்மா கேப்பா லா, எம் புள்ள அவருகிட்ட நல்லா இருக்காளான்னு. நான் என்னான்னு சொல்லுவேன்?"

தேத்தண்ணி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. தாயம்மா பார்த்துப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள்.

காலி செய்யும் நாளுக்கு முன்பே அவள் மூச்சு நின்றுவிட்டது. எரிக்கும் வழக்கம் அவள் குடும்பத்தில் இல்லை. தோட்டத்து இடுகாட்டில் அவளுக்குத்தான் கடைசிக் குழி. சவப்பெட்டியில் கிடத்தி, மாலை போட்டு, அவளுடைய மகள் செல்லம்மா அந்தப் படத்தைத் தாயின் கைகளுக்கு அடியில் வைத்தாள். அழுதபடியே திரும்பிக் கேட்டாள். "மாமா, டின்னுல அப்பா பத்திரமா இருக்காருல்ல?"

"இருக்காரும்மா," என்றார் சந்தியாகு. பொய்யில்லை. காலையில்கூட திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். இரவல் கோட்டு, முறைத்த பார்வை, பூஞ்சை விழுந்த ஓரம், எல்லாம் இருந்தபடியே இருந்தது. இனி அதற்கு ஒன்றும் ஆகாது என்பது அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

ஆண்கள் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பூமுடிக்குக் கீழே அன்று பார்த்த சாம்பல் நிறம் சந்தியாகுவின் கண்ணில் வந்து நின்றது. அவர் குறுக்கே குனிந்தார். தாயம்மாவின் குளிர்ந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அடியிலிருந்த படத்தை உருவிச் செல்லம்மாவின் கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மடக்கி இறுகப் பிடித்துக்கொண்டார்.