கரியாலூரில் நிற்கும் கப்பல்

காலை ஐந்தரை, மூங்கில்துறைப்பட்டு. ஆலையில் அரவை நின்று ரெண்டு நாள். இனி கரும்பு இறக்குற வேலை இல்லை. சங்கராபுரம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு டிக்கெட் ஆறு ரூபாய். மடியில் மஞ்சப்பை. உள்ளே ஆள் ஏறும் கப்பல்களின் படம் இருபத்தேழு.

பழைய பேப்பர் கடை, காலண்டர், கப்பல் ஆபீசுக்குக் கார்டு போட்டு வந்தது என்று சேர்த்தவை. ஒவ்வொன்றையும் அட்டையில் ஒட்டி, பின்னால் அதன் கதையை எழுதியிருக்கிறேன். எங்கே கட்டினது, எங்கே போய்வந்தது, எந்த வருஷம் உடைத்தது. படிப்பு அஞ்சாவது. எழுத்து கோணல்தான்.

தேடுவது ஒரே கப்பலை. முப்பது வருஷம் முன்னே அந்தமானில் மரம் வெட்ட ஆள் பிடித்தார்கள். என் அண்ணன் போனான். வீட்டு ஆட்கள் பயப்படக் கூடாதென்று ஆள் பிடித்த மேஸ்திரி, வீட்டுக்கு ஒன்றாக அந்தக் கப்பலின் படம் கொடுத்தார். எங்க அம்மா அதை அன்றைக்கே அடுப்பில் போட்டது. அண்ணனிடமிருந்து ஒரு கடுதாசி வந்தது. அப்புறம் இல்லை. கப்பல் பேர் எனக்குத் தெரியாது. பார்த்தால் தெரியும்.

இந்த வருஷம் கரும்பு வெட்ட வந்த மலைக்காரர் ஒருத்தர் சொன்னார், கரியாலூரில் தன் சின்னம்மா வீட்டில் அந்தப் படம் இருக்கிறதென்று. சின்னம்மா வீட்டுக்காரரும் அதே கும்பலில் போனவர்.

எட்டு மணி, கள்ளக்குறிச்சி. நாலு இட்லி, ஒரு டீ. எட்டே முக்காலுக்கு வெள்ளிமலை பஸ். கரியாலூருக்கு எட்டு ரூபாய். கச்சிராயபாளையம், அணை, அப்புறம் வளைவு மேல வளைவு. காது அடைத்தது.

கண்டக்டர் கேட்டார். "இன்னா பெரியவரே, அருவிக்கா?"

"கப்பல் பாக்க."

"டிரைவரண்ணே, இவரு மலைமேல கப்பல் பாக்கப் போறாராம். துறைமுகம் வந்தா நிறுத்து."

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் வந்தது.

பத்தே முக்கால். "துறைமுகம் எறங்குங்க!" என்றார். இறங்கினேன்.

அந்தச் சின்னம்மா வாசலில் சாமை புடைத்துக்கினு இருந்தது. ஐம்பத்தைந்து இருக்கும். விஷயம் சொன்னதும் உள்ளே கூப்பிட்டது. சாமி படத்துக்குப் பக்கத்தில் கப்பல். ஒத்தைப் புகைக்கூண்டு. ரெண்டு வரிசை ஜன்னல். அதேதான். மேலே காய்ந்த சாமந்தி மாலை, நடுவில் குங்குமப் பொட்டு.

"அவரு போட்டா இல்லீங்க. ஏறுன கப்பலுதான் இருந்துச்சு. ஏழு வருசம் பாத்தோம். அப்புறம் இதுக்கே பொட்டு வெச்சிட்டோம். தை அமாவாசைக்கு இதுக்குத்தான் படையல்."

பையைப் பிரித்து இருபத்தேழையும் பாயில் பரப்பினேன். "எல்லாத்தையும் எடுத்துக்கங்க. அது ஒண்ணைக் குடுங்க."

ஒவ்வொன்றாகப் பார்த்தது. அவசரமே இல்லை.

"நல்லாத்தான் கீது. பெருசு பெருசா கீது. ஆனா இதுல எதுலயும் அவரு ஏறலியே."

மேற்கொண்டு நான் கேட்கவில்லை. அதுவே படத்தைக் கழற்றி, மாலையை எடுத்துவிட்டு, என் கையில் கொடுத்தது. "பாத்துக்கினு இருங்க. களி கிண்டுறேன்."

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஜன்னலை எண்ணினேன். நாற்பத்தி நாலு. எதில் அண்ணன் நின்றானோ.

சாப்பிட்டதும் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தது. "உங்க அண்ணனுக்கும் ஒரு பொட்டு வெச்சிட்டுப் போங்க. தனியா இன்னாத்துக்கு, ஒண்ணாப் படைச்சிடுறேன்."

நல்ல மனசு. விரல் சிமிழ் வரைக்கும் போனது.

"வேணாம்மா. எங்க அண்ணன் இன்னும் எறங்கல."

அந்தம்மா சிமிழை மூடியது. படத்தை மாட்டி மாலையை மறுபடி போட்டது.

மூணு மணி பஸ். அதே கண்டக்டர். "கப்பல் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் ஓரம் இடம் காட்டினார். அணை தாண்டி ரோடு நேரானதும் புது அட்டை ஒன்றை எடுத்தேன். இருபத்தெட்டு. முன்பக்கம் வெறுமையாக விட்டேன். பின்னால் எழுதினேன். புகைக்கூண்டு ஒன்று. ஜன்னல் நாற்பத்தி நாலு. மெட்ராஸிலிருந்து அந்தமான்.

அந்தப் பக்கம் போன பழைய கப்பலை எல்லாம் உடைத்தாச்சு என்று கப்பல் ஆபீஸ் கடுதாசியில் இருக்கிறது. மத்த இருபத்தேழிலும் கடைசி வரி உடைத்த வருஷம்தான். இதில் அந்த வரியை எழுதவில்லை.