புது மாடல் வண்டியும் மாடு கட்டும் முளையும்

போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணிக்கு, கோலார் தங்க வயலில் நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குப் பின்னால் நடந்தது இது. நேரத்தையும் இடத்தையும் முதலில் எழுதிவிடுவது என் பழக்கம். விபத்து அறிக்கையில் முதல் இரண்டு கட்டங்கள் அவைதான். அப்படிப்பட்ட அறிக்கைகளை எத்தனையோ எழுதியிருக்கிறேன். என் பெயரை நானே எழுதிக்கொள்ள வேண்டிய நிலைக்கு அன்றுதான் வந்தேன்.

சுரங்கம் மூடும்வரை நான் சர்வே ஆபீசில் இருந்தேன். பூமிக்கு அடியில் எந்த லெவல் எங்கே போகிறது, எந்தப் பழைய குழி எப்போது தூர்க்கப்பட்டது, எந்தப் படிவத்தை எத்தனை பிரதி எடுக்க வேண்டும் எல்லாம் எனக்கு அத்துப்படி. இன்றைக்கும் பேங்கில் ஒருவர் தப்பான சலானை நீட்டினால் எனக்குக் கை அரிக்கும். என் மனைவி இதை வியாதி என்கிறாள். நான் ஒழுங்கு என்கிறேன்.

இத்தனை ஒழுங்கான மனிதனுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. கார். அதுவும் மூட்டை ஏற்றுகிற கார் அல்ல. நீளமான மூக்கு, இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு. ஒரே மூச்சில் ஐந்நூறு மைல் ஓடினாலும் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகு வலிக்காத சொகுசு ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் கிளப் நூலகத்துக்கு வந்த பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளில் பிடித்த பைத்தியம். வாங்கும் எண்ணம் என்றைக்கும் இருந்ததில்லை. என் பென்ஷனில் அதன் ஒரு டயர் வரும், அதையும் தவணையில்தான்.

அந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வண்டியின் புதுப்பித்த மாடல் வரப்போகிறது என்று இரண்டு வருஷமாக வதந்தி. விளக்கு மாறுமா, எஞ்சினோடு பேட்டரியும் சேருமா, உள்ளே பட்டனையெல்லாம் எடுத்துவிட்டுக் கண்ணாடித் திரை ஒட்டிவிடுவார்களா என்று தினமும் காலையில் போனில் தேடுவேன். என் ஊகங்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். பேரனுக்காகக்கூட இப்படிக் காத்திருக்கவில்லை என்று மகள் சொன்னாள். பேரனுக்கு டாக்டர் தேதி சொன்னார், இதற்கு யாரும் சொல்லவில்லை என்றேன்.

என் மருமகன், அதாவது தங்கை மகன், பெங்களூரில் வெளிநாட்டு வண்டிகளை இறக்கி, ஷோரூமுக்குத் தயார் செய்யும் இடத்தில் வேலை செய்கிறான். ஒருநாள் போன் செய்தான்.

"மாமா, உங்க வண்டி வந்துட்ச்சு."

"எது?"

"எதுன்னு கேக்குறீங்க பாரு. ரெண்டு வருஷமா என் உயிர எடுத்தீங்களே, அது. விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கணுமாம். நம்ம சயனைடு மேடுதான் பாலைவனம் மாதிரி கீதுன்னு பர்மிஷன் வாங்கிட்டாங்க. அவங்க பத்து மணிக்குத்தான் வருவாங்க. நான் ஏழுக்கே வண்டிய எடுத்துக்கினு வந்துடறேன். நீங்க வெளிய நில்லுங்க."

பொது விற்பனைக்கு வராத வண்டியில் வெளியாளை ஏற்றலாமா, அதற்கு எழுத்து மூலமான அனுமதி உண்டா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையைத் தேடப் போனேன்.

காலையில் மனைவி காபியைக் கையில் கொடுத்துவிட்டு மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாங்க, என்னப் பொண்ணு பாக்க வந்தன்னிக்குக்கூட இவ்ளோ பவுடர் போடலியே."

"அன்னிக்கு இந்த மாதிரி வண்டி இல்ல" என்றேன். அந்தப் பதிலுக்கான விலையை மத்தியானக் குழம்பில் கொடுத்தேன். அது வேறு கதை.

வண்டி வந்து நின்றது. உருவம் தெரியாதபடி உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஸ்டிக்கர். அதைத் தாண்டியும் எனக்குத் தெரிந்தது: விளக்கு மாறியிருந்தது. நோட்டில் பதினோராம் பக்கத்தில் எழுதியதுபோலவே மாறியிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிடப் படுத்தேன் என்பது சரி. ஸ்கெலட்டன் பகுதி வழியாகத் தார் ரோட்டில் இரண்டு சுற்று. அந்த எஞ்சின் சத்தத்தை எழுத எனக்கு வராது. கேட்டு முடித்ததும் மனது அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. ஆசை முற்றிய கிழவனுக்கு யோசனை வேறு வரும்.

"மேட்டுக்குப் பின்னால ஒரு சமதரை இருக்குது. மேஜை மாதிரி இருக்கும். வண்டிய அங்க நிறுத்துனா படத்துல பின்னால மேடு முழுசா விழும். போட்டோக்காரங்களுக்கு எடத்தையே காட்டிடலாம்" என்றேன்.

"பர்மிஷன் இந்தப் பக்கத்துக்குத்தான் மாமா. அங்க தரை நல்லா இருக்குமா? ஒரு வாரமா மழ."

"டேய், அந்தத் தரைய அளந்தவனே நான்தான்."

பொய் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பழைய குழி ஒன்று அங்கே இருந்தது. என் சர்வீசின் கடைசி வருஷங்களில் அதைத் தூர்த்தார்கள். போய்ப் பார்த்து, வரைபடத்தில் குறித்து, 'பாதுகாப்பானது' என்று கையெழுத்துப் போட்டது நான். என் கையெழுத்தின் மேல் நானே வண்டியில் போக எனக்கென்ன பயம்?

மண் பாதையில் இறங்கி மேட்டைச் சுற்றினோம். அந்தச் சமதரை அப்படியே இருந்தது. ஒன்றைக் கவனித்தேன். மாடுகள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடித் தடம் தரைக்கு நேராக வந்து, நடுவில் காரணமே இல்லாமல் பெரிதாக வளைந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி நேரானது. மாட்டுக்கு நேர்கோடு தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். சர்வேயர் புத்தி.

அப்போது வண்டி கத்தத் தொடங்கியது. திரையில் சிவப்பு விளக்கு எரிய, தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிட்டது. முன்னால் ஒரு பசு. அதன் கயிற்றைப் பிடித்தபடி நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், வண்டியை மறித்துக் கையை நீட்டி நின்றாள். முன்னால் மாடு நிற்பதை அந்தப் புது மாடல் கண்டுபிடித்தது. மாடு ஏன் நிற்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

இறங்கினேன்.

"ஏம்மா, வழிய உடு."

"அங்க போவாதீங்க சார். தரை சரியில்ல."

"யார் சொன்னது? இது தூர்த்த எடம். ரெக்கார்டுல இருக்குது."

"ரெக்கார்டு இன்னா சொல்லுதோ எனக்குத் தெரியாது சார். என் மாடு அங்க கால வைக்காது."

"மாட்டுக்கு இன்னாம்மா தெரியும்?"

"அது ரெக்கார்டு படிக்காது சார். அதனால பயப்படுது."

பின்னால் என் மருமகன் சிரித்தது காதில் விழுந்தது. அவள் சிரிக்கவில்லை. மாடு கட்டும் இரும்பு முளையைத் தோளிலிருந்து எடுத்துக் காலடியில் தட்டினாள். 'டக்' என்றது. நாலடி தள்ளித் தட்டினாள். 'தொம்' என்றது.

"எங்க வூட்டுக்காரர் அண்டர்கிரவுண்டுல இருந்தாரு. ஷிப்டுல மேல கம்பியால தட்டிப் பாத்துட்டுத்தான் நிப்பேன்னு சொல்லுவாரு. நான் கீழ தட்டிப் பாக்கறேன். ரெண்டு நாளா சத்தம் மாறிட்ச்சு சார்."

அந்த முறையை எனக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலை தொடங்கும் முன் தலைக்கு மேலுள்ள பாறையைக் கம்பியால் தட்ட வேண்டும். கணீரென்றால் நிற்கலாம், பொத்தென்றால் விலக வேண்டும். சுரங்கத் தொழிலாளர் பரீட்சையில் முதல் கேள்வியாக அதைப் பல வருஷம் நானே கேட்டிருக்கிறேன். ஆனால் என் வாழ்நாளில் அதைக் காலுக்குக் கீழே செய்து பார்த்ததில்லை. கீழே இருந்தது என் வரைபடம் அல்லவா.

அப்போதாவது திரும்பியிருக்கலாம். "குடு இப்பிடி" என்று முளையை வாங்கிக்கொண்டு, அவள் நின்ற இடத்தைத் தாண்டி முன்னால் நடந்தேன். அவள் பின்னால் கூப்பிட்டது கேட்டது. ஏழெட்டு அடி போய் ஓங்கித் தட்டினேன். 'தொம்'. இன்னும் ஓங்கித் தட்டினேன். மூன்றாவது தட்டில் முளை தரையில் நிற்கவில்லை. வெண்ணெயில் கத்திபோல இறங்கி, என் கையைவிட்டு நழுவிக் காணாமல் போனது.

சத்தமே இல்லை. பழக்கம் விடுமா, எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று. எங்கேயோ தண்ணீரில் விழுந்தது. எவ்வளவு ஆழம் என்று என் மூளை தானாகவே கணக்குப் போட்டுச் சொன்னது. அந்தக் கணக்கு தெரியாதவனாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்றுதான் ஏங்கினேன். ஒரு சாண் மண்ணின் மேல், இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"அசையாதீங்க சார். படுத்துக்குங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. கயிற்றின் நுனியை என் பக்கம் வீசினாள். மறுமுனை பசுவின் கழுத்தில் இருந்தது.

எடையைப் பரப்பிப் படுக்க வேண்டும், தவழ்ந்து வர வேண்டும். விதி எனக்கும் தெரியும். தெரிந்தும் முழங்கால் மடங்க மறுத்தது. "மாமா, படு மாமா" என்று என் மருமகன் அழுகிற குரலில் கத்தினான். இருபத்தைந்து வருஷமாக என்னை 'நீங்க' என்றவன். அந்த 'படு'தான் என்னைப் படுக்க வைத்தது. மூக்கெல்லாம் சேறாக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தேன். அவள் நாக்கால் ஏதோ சத்தம் கொடுத்தாள். பசு ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனது. இத்தனை பெரிய பொறுப்பை சுரங்கக் கூண்டை மேலே இழுக்கும் எந்த வின்சும் இவ்வளவு நிதானமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

தடத்துக்கு வந்து எழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது, நான் நின்ற இடம் ஈரச் சர்க்கரைபோல உள்ளே சரிந்தது. முதலில் ஒரு தட்டு அளவு. பிறகு ஒரு கதவு அளவு. வண்டியின் மூக்குக்கும் அந்தக் கறுப்புக்கும் நடுவில் பதினைந்து அடி. பசு வழி மறிக்காமல் இருந்திருந்தால், வண்டியோடு நானும் அந்தப் பையனும் அதில் இருந்திருப்போம். யார் தேடியிருந்தாலும் முதலில் என் வரைபடத்தைத்தான் எடுத்துப் பார்த்திருப்பார்கள். அதில் எல்லாம் நன்றாகவே இருந்திருக்கும்.

வண்டியைப் பின்னால் எடுத்தான் மருமகன். நான் உட்கார்ந்து சிரித்தேன். எதற்கென்று தெரியவில்லை, நிற்கவில்லை. அவள் குழியைப் பார்த்து நின்றாள்.

"என் முளை போச்சு" என்றாள்.

அதன் பிறகு செய்ய வேண்டியதை முறைப்படி செய்தோம். வண்டிக்கு ஒட்டும் கறுப்பு வெள்ளை டேப் சுருள் டிக்கியில் இருந்தது. தூரத்தில் நாலு பக்கமும் கல் வைத்து அதைச் சுற்றிக் கட்டினோம். உலகத்தின் விலை உயர்ந்த ரகசியத்தை மறைக்க வந்த டேப், ஒரு பொத்தலை எல்லோருக்கும் காட்டும் வேலைக்குப் போனது. அன்றே, மூடிய சுரங்க நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசுக்குப் போய், 'என்னால் பாதுகாப்பானது என்று சான்றளிக்கப்பட்ட கீழ்க்கண்ட இடம் பாதுகாப்பானது அல்ல' என்று மூன்று பிரதி எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் எழுதியவற்றில் மிகச் சுருக்கமானது அதுதான். அந்த வாரமே ஆள் வந்து வேலி போட்டார்கள்.

அடுத்த ஞாயிறு வெல்டிங் கடையில் நல்ல இரும்பில் ஒரு முளை அடித்து வாங்கி, அவள் வீட்டைத் தேடிப் போனேன். நன்றி சொல்ல நாலு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அவள் முளையை வாங்கி வாசலில் தட்டிப் பார்த்தாள்.

"நல்லா சத்தம் குடுக்குது சார். உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

நாலு வாக்கியத்தையும் விட்டுவிட்டு உட்கார்ந்தேன். டீயைக் குடித்தேன். பசு என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

இப்போது அந்தப் புது மாடல் வெளியாகிவிட்டது. சயனைடு மேட்டுக்கு முன்னால் அது நிற்கும் விளம்பரத்தை மருமகன் அனுப்பினான். விளக்கு அழகு, உடம்பு அழகு, என் ஊகங்களில் பாதிக்கு மேல் சரி. இரண்டு வருஷம் அதற்காகக் காத்திருந்த நான், அந்தப் படம் போனில் வரும்போதெல்லாம் முதலில் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் தரையைப் பார்க்கிறேன். தார் ரோடுதான் என்று தெரிந்ததும் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டு, அதற்குப் பிறகுதான் வண்டியைப் பார்க்கிறேன்.