இடது ஓரத்தில் நின்ற தண்டல்

சாயங்காலம் ஆறு மணி, பத்து ரீல், கொருக்குப்பேட்டை ரயில் யார்டு ஆள் முனுசாமி: ராயபுரத்தில் நான் மெஷின் ஓட்டிய கொட்டகையில் முதல் பேசும் படம் இந்த மூன்றோடு தொடங்கியது. பிலிம் தொழிலில் படத்தின் நடுவால் எனக்குத் தொல்லை வந்ததில்லை, வந்ததெல்லாம் ஓரத்தால்தான். கல்யாணக் கூட்டத்தை ஒரே போட்டோவில் அடக்கப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கழுத்து பாடியது

ஊமைப் படம் அகலமானது. பேசும் படத்தில் சத்தக் கோடு ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்வதால், மிச்சப் படம் கிட்டத்தட்டச் சதுரமாகிவிடும். மெஷினில் அதற்கென்று வேறு தகடு மாட்ட வேண்டும். எங்களிடம் இருந்தது பழைய அகலத் தகடு. சத்தக் கோட்டை மறைத்து, பழைய அகல வடிவம் மாறாதிருக்க மேலும் கீழும் அடைத்து ஓட்டினேன். ராஜாவுக்கும் ராணிக்கும் தலை போயிற்று. முன்வரிசையிலிருந்து முனுசாமி எழுந்து திரும்பினான்.

“இன்னா நைனா, பாட்டு நல்லாத்தான் கீது. பாடறது யாரு, கழுத்தா?”

முதலாளியின் கணக்கு

கொட்டகை முதலாளிக்குத் தண்டையார்பேட்டையில் பிரதி எடுக்கும் ஷெட்டும் உண்டு. அதிலும் நான்தான். அந்த வருஷம் அவர் ராயபுரம் கடலில் ஓர் ஊமைப் படம் எடுத்திருந்தார்: அலையைத் தாண்டிப் படகு கரையேறுவது, பின்னால் தூரத்தில் துறைமுகம். பம்பாய்ப் பொருட்காட்சி ஒன்றில் படங்களுக்குப் பரிசு என்று கேள்விப்பட்டதும், பாட்டைத் தனியே பதித்து வாங்கிவந்து, சேர்த்து அச்செடுக்கச் சொன்னார். சேர்த்தால் இடது பக்கம் படத்தில் பத்தில் ஒரு பங்கு போகும் என்றேன். அகலமாகவே, ஊமையாகவே அனுப்பலாம் என்றும் சொன்னேன்.

“வாய் பேசாத படத்தை இப்போ எவன்யா மதிக்கிறான்? ஓரத்திலே போறது கடல்தானே, போகட்டும்.”

போனது கடல் இல்லை

அந்த ஓரத்தில் கன்னியப்பன் இருந்தார். படகின் பின்முனையில் நின்று, சுக்கான் துடுப்பால் படகை நடத்தும் தண்டல் அவர். படகு வலப்பக்கம் கரையை நோக்கி வருவதால், படம் முழுக்க இடது ஓரத்திலேயே நிற்கிறார். மாதிரிக்கு எடுத்த துண்டைப் பார்க்க ஷெட்டுக்கு வந்தார். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் தேடினார். ஒரு முழங்கைதான் கிடைத்தது.

கோபப்படுவார் என்று நினைத்தேன். பிலிமைப் பதவிசாகத் திருப்பிக் கொடுத்தார்.

“பொண்ணுக்கு எண்ணூர்ல பேசிகினு கீறோம் வாத்தியாரே. நான் தண்டலா, சும்மா துடுப்பு போடறவனான்னு அவங்களுக்குச் சந்தேகம். படத்துல வந்து பாருங்கன்னு சொல்லிட்டேனே, இப்ப முழங்கையவா காட்டுவேன்?”

புரட்டிப் போட்டேன்

படத்தை நகர்த்தவோ சுருக்கவோ எங்கள் மெஷினில் வழி இல்லை. பிலிமும் ஒரு பிரதிக்குத்தான் இருந்தது. யோசித்துக் களைத்துப்போய், நெகடிவை முன்பின்னாகப் புரட்டிப் போட்டு அச்செடுத்தேன். கண்ணாடியில் தெரிவதுபோல் எல்லாம் இடம் மாறியது. கன்னியப்பன் வலப்பக்கம் முழு ஆளாக வந்தார். வெட்டுப்பட்டது கரை மணல். படம் சற்று மங்கல். முதலாளி எதையும் கவனிக்கவில்லை. அவர் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பம்பாய்க்கு அனுப்புமுன் கொட்டகையில் ஒரு ஆட்டம் போட்டோம், இந்தத் தடவை சரியான தகட்டோடு. எண்ணூரிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் ஆறு பேரோடு வந்து உட்கார்ந்தார். பெரிய அலை ஒன்று படகைக் குறுக்கே தள்ள, கன்னியப்பன் துடுப்பின்மேல் சாய்ந்து முனையைத் திருப்பினார். எண்ணூர்க்காரர்கள் ஏழு பேரும் முன்னால் குனிந்தார்கள். விளக்கு போட்டதும் கன்னியப்பன் மாப்பிள்ளையின் தகப்பனார் வாயையே பார்த்தார். அவர் மீசையை இரண்டு தரம் தடவிக்கொண்டார்.

“தண்டல்தான், ஒத்துக்கினேன். ஆனா தெற்கே துறைமுகத்தப் பாத்துகினு நின்னா கடலு இடக்கைப் பக்கம்தானே இருக்கணும்? ராயபுரத்துக்கு மேற்கால கடலு எப்ப வந்துது, சம்பந்தி?”

1933 ஆவணியில் எண்ணூரில் கல்யாணம் நடந்தது. படம் அதற்கு முந்தின வாரமே பரிசில்லாமல் பம்பாயிலிருந்து திரும்பி வந்திருந்தது.