அத்தையின் மூன்றாவது படம்

றக்வானவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேலாளர் தொரையின் ஜீப் வரும் சத்தம் கேட்டால், மலையிலிருந்து இறங்கும் பெண்கள் வடிகான் ஓரமாக ஒதுங்குவார்கள். தலைத்துண்டு கைக்கு வரும். இடுப்பு வளையும். வண்டி திருப்பத்தைத் தாண்டும் வரை பார்வை தரையில் இருக்கும். இப்போதுள்ள தொரை இளைஞர். இதெல்லாம் வேண்டாம் என்று சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிவிட்டார். அதையும் அவர்கள் குனிந்தபடியே கேட்டுக்கொண்டார்கள்.

என் அப்பாவின் தங்கை அவர்களில் ஒருத்தி. நாற்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். தொழிலாளர் லய வீடுகளுக்குக் கீழே ஏழு பேர்ச்சஸ் காணி, வீடு கட்டிக்கொள்ள, அவள் பெயருக்கு வந்திருந்தது. உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க அடையாள அட்டை வேண்டும். பழைய அட்டையில் முகம் அழிந்துபோயிருந்தது. புதியதற்கு அனுப்பிய படம் இரண்டு முறை திரும்பி வந்தது. தலை குனிந்திருக்கிறது, கண் தெரியவில்லை என்றார்கள். மாத முடிவுக்குள் அட்டை வராவிட்டால் காணி பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

மூன்றாவது முறை படம் எடுக்க, லீவில் வந்திருந்த நானும் கூடப் போனேன். டவுனில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் சிங்களவர். மடிப்புக் கலையாத சட்டை, நீளக் காற்சட்டை. அவர் கேமராவுக்குப் பின்னால் நின்றதும் அத்தையின் தாடை இறங்கியது.

"அம்மே, ஒளுவ உஸ்ஸன்ன." தலையைத் தூக்கச் சொன்னார்.

"சரிங்க மாத்தயா" என்று அத்தை இன்னும் குனிந்தாள்.

"ஐயோ, மேல, மேல. கீழ என்ன விழுந்தது?"

"ஒன்னும் விழலைங்க மாத்தயா."

அடுத்துக் காத்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, அவரு என்ன தொரையா? சட்டுனு தூக்குங்க, எங்க பஸ்ஸு போயிரும்."

"தூக்கித்தான் வச்சிருக்கேன். அது தானா எறங்குது."

பொய்யில்லை. சொன்னால் இரண்டு விரற்கடை உயரும். அவர் கையை உயர்த்தியதும் இறங்கிவிடும்.

மலையில் அத்தை நிமிரும் இடம் ஒன்று உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளிலிருந்து அவள் கண் விலகாது. தொரையே பக்கத்தில் நின்றாலும் கணக்கப்பிள்ளையிடம், "இன்னும் அரக் கிலோ இருக்குதுங்க, நல்லாப் பாருங்க" என்பாள்.

கேமராவின் லென்ஸைக் காட்டினேன். "அத்தை, அந்த வட்டம்தான் தராசு. முள்ளு பதினெட்டுல நிக்குது. கணக்கப்பிள்ள பதினாறுன்னு எழுதுறாரு."

"எவன் எழுதுனது?"

தலை நிமிர்ந்தது. படம் பதிந்தது.

அட்டை மாத முடிவுக்கு நான்கு நாள் முன்பு வந்தது. அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "யாரு தம்பி இது, சண்டக்காரி?"

பிரதேச செயலகத்தில் அதிகாரி உறுதியை வாசித்தார். அத்தை கை கூப்பி, இடுப்பு வளைந்துதான் நின்றாள். பாதியில் குறுக்கிட்டாள்.

"எங்கப்பா பேரு அப்படி இல்லைங்க சேர்."

அதிகாரி அவளைப் பார்த்தார், பெயரைச் சரியாகக் கேட்டார், திருத்தி மறுபடி அச்செடுத்தார். அத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்து வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் முழு வழியும் வீட்டுப் பேச்சுதான். அடுப்படி பின்பக்கம், வாசல் கிழக்கே.

"வாசல் நெல மட்டும் ஒசரமா வைக்கணும் தம்பி" என்றாள். "லயத்துல ஒங்க மாமா தெனமும் தலைய இடிச்சிக்கிறாரு."