இடது குழலைச் சுடாமல் விட்டது

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். நான் தடய அறிவியல் ஆய்வகத்தில் துப்பாக்கிப் பிரிவில் இருந்தபோது, அப்படி ஒரு சமயத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நன்னிலம், கீழ்வேளூர் பக்கத்துத் துப்பாக்கிகள் ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டா சுட்டு, அந்த வெற்றுத் தோட்டாக்களின் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் பின்னால் உதவும் என்றேன். மேலதிகாரி பாராட்டினார். அந்தப் பாராட்டில் கொஞ்சம் மிதந்தேன்.

தோட்டாவின் பின்பக்கத்தைத் துப்பாக்கிக்குள் இருக்கும் ஃபயரிங் பின் என்ற ஊசி குத்தும்போது ஒரு தழும்பு விழும். ஊசிக்கு ஊசி தழும்பு வேறுபடும். சம்பவ இடத்தில் கிடைத்த வெற்றுத் தோட்டாவைப் படமெடுத்துக் கொடுத்தால், கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள படங்களில் நெருக்கமானவற்றை வரிசையாகக் காட்டும். முடிவை நாம்தான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சம்பா நெல் கதிர் விடும் சமயத்தில் நன்னிலம் பக்கம் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வரப்பில் கிடந்த வெற்றுத் தோட்டா எங்களிடம் வந்தது. இன்ஸ்பெக்டர் போனில் பிடித்துக்கொண்டார்.

"லிஸ்ட் வந்துருச்சா சார்?"

"வந்துருச்சு. முதல்ல இருக்கறது கலியபெருமாள்னு ஒருத்தரோட ஒற்றைக்குழல் துப்பாக்கி. ஆனா மைக்ரோஸ்கோப்புல இன்னும் பாக்கல."

"அது போதும் சார். அவருக்கும் செத்தவருக்கும் ஏற்கனவே ஆகாது."

நான் சொன்னதில் பாதிதான் அவர் காதில் ஏறியது. அன்று சாயங்காலமே கலியபெருமாளைக் கைது செய்துவிட்டார்கள். குத்தகை நிலத்தில் பயிர் வைத்திருந்தவர். பன்றி விரட்டத் துப்பாக்கி வைத்திருந்தார்.

மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். தழும்பு ஒன்று போலத்தான் இருந்தது, ஆனால் உள்ளே இருந்த கோடுகள் சேரவில்லை. சொன்னதும் இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார்.

"அப்ப சுட்டது யாருன்னும் நீங்களே சொல்லிருங்க."

கலியபெருமாளை விடவில்லை.

தேர்தல் சமயத்தில் சுட்டுப் பார்த்த துப்பாக்கிகளின் பதிவேட்டை முதலிலிருந்து புரட்டினேன். அதே ஊரில் இன்னொருவரின் துப்பாக்கி இரட்டைக்குழல். சுட்ட தோட்டா: ஒன்று. கையெழுத்து என்னுடையது. இரட்டைக்குழல் என்றால் குழலுக்கொரு ஃபயரிங் பின். மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று வலது குழலை மட்டும் சுட்டுவிட்டு இடதை விட்டிருக்கிறேன்.

கோர்ட் உத்தரவு வாங்கி அந்தத் துப்பாக்கி என் மேசைக்கு வர ஒரு மாதம் ஆனது. இடது குழலைச் சுட்டுப் பார்த்தேன். வரப்பில் கிடந்த தோட்டாவோடு கோடு கோடாகச் சேர்ந்தது. கலியபெருமாள் வெளியே வந்தார். அதற்குள், அறுக்க ஆளில்லாமல் மழையில் சாய்ந்த அவருடைய கதிர் வயலிலேயே முளைத்துவிட்டது.

அதன் பிறகு எங்கள் பிரிவில் குழல் எத்தனையோ அத்தனை தோட்டா. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்வரை யார் கேட்டாலும் பெயர் சொல்வதில்லை. புதிதாக வருகிறவர்கள் இதை மட்டும் கடைப்பிடித்தால் போதும். மற்றதெல்லாம் மேனுவலில் இருக்கிறது.

வழக்கில் நான் சாட்சி சொல்லப் போன அன்று, கோர்ட் வாசலில் கலியபெருமாள் வந்து நின்றார்.

"அந்த மிஷினு எதுக்கு சார் எம் பேரச் சொல்லுச்சு?"

மழுப்ப மனம் வரவில்லை.

"மிஷின் மேல தப்பு இல்லைங்க. சுட்ட குழலோட படத்த நான் அதுக்குக் கொடுக்கவே இல்ல. உங்க பேரப் போன்ல சொன்னதும் நான்தான்."

"அந்த ஒரு மாசமும் உள்ள உக்காந்து மிஷினத்தான் சார் திட்டிக்கிட்டிருந்தேன்," என்றார்.