பெயிண்டுக்கு அடியில் இருந்த நீலம்

எண்பதுகளின் தொடக்கம். போடிநாயக்கனூரில் ஜீப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சம்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்த ஒருவர், பழைய சின்னக் கார் ஒன்று வைத்திருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் நடக்கும் பந்தயத்தில், புதியவர்களுக்கான பிரிவில் ஒருமுறையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. முன் சக்கரங்களின் மேல்பக்கம் சற்றே உள்ளே சாய்ந்திருந்தால் வளைவில் கார் வழுக்காது. அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். விதிகள் ஆங்கிலத்தில் இருந்ததால் அவரே படித்துச் சொன்னார்.

“அண்ணே, சாய்வுக்குக் கம்பெனி விட்ட எடத்துல தகடு வைக்கலாம், எடுக்கலாம். அம்புட்டுத்தான். எதையும் சூடு காட்டி வளைக்கக் கூடாது. மறந்துறாதீங்க.”

தலையாட்டினேன். இடது சக்கரம் சொன்னபடி வந்தது. வலது சக்கரத்தில் தகட்டை எப்படி மாற்றினாலும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், சாய்வு குறைந்தது.

எங்கள் பட்டறையில் இதற்கெல்லாம் யோசிக்க மாட்டோம். இருபது பேரை அடைத்துக்கொண்டு மலையேறும் ஜீப்புகளில் தினமும் ஏதாவது கோணிக்கொண்டு வரும். கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, நாலு தட்டு தட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்து அனுப்புவோம். அவர் தோட்டத்தில் இருந்தார். ஆளனுப்பிக் கேட்டிருக்கலாம். அவர் ஜெயித்தால் போதும் என்று நினைத்து, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையைக் காய்ச்சி வளைத்துவிட்டேன். பழக்கத்தில் பெயிண்டும் அடித்தேன். பிறகு அவரிடம் சொல்ல நா எழவில்லை.

பந்தயத்துக்கு என்னையும் அழைத்துப்போனார். ஓடுவதற்கு முன் கார்களைச் சோதித்த அதிகாரி, குனிந்து பார்த்தவர், அந்த இடத்தைச் சாவியால் சுரண்டினார். கறுப்பு உதிர்ந்தது. சூடு பட்ட இரும்பின் நீலம் தெரிந்தது.

“மறைக்கிறதுக்குப் பெயிண்ட் வேறயா? யாருங்க பண்ணுனது?”

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“நாந்தான் சார்” என்றார் அவர்.

காரை ஓரமாகத் தள்ளச் சொன்னார்கள். பக்கத்துக் காரில் இருந்தவர், “ஏனுங்க எஸ்டேட்டுக்காரரே, பெயிண்ட் காயறதுக்குள்ள வந்துட்டீங்களாட்டம்!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஊர் திரும்பும் வழியில் வத்தலக்குண்டு தாண்டியதும், ரோட்டைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தச் சக்கரத்தோடயே ஓட்டிக் கடைசியா வந்திருப்பேனேண்ணே.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாரோ அவரிடம், “என்ன மாப்ளே, களவாணித்தனம் பண்ணப் போயி வெரட்டி விட்டாங்களாம்ல?” என்று கேட்டார்கள். அவர் சிரித்து வைத்தார். அதே கடையில், கையில் கிளாசோடு நானும் நின்றிருந்தேன். அந்த வருடமே அவர் காரை விற்றுவிட்டு, கேரளத்துக்குள் தொலைவில் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அன்று அந்த அதிகாரியிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்தக் கார் ஓடியிருக்காது. ஆனால் ஒரு நேர்மையான மனிதர் களவாணி என்ற பெயரைச் சுமந்திருக்க மாட்டார். கூச்சம் என்று இத்தனை நாள் நான் சொல்லிவந்தது வெறும் கோழைத்தனம்தான். இதை எழுதும்போதுகூட, என் பெயரைப் போட வேண்டாம் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.